குண்டனுக்குத் தண்ணீர் வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்காலும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நம் பேரப்பிள்ளை வாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு எந்நேரமும் அதுதான் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஒரு காதை என்னிடமும் ஒரு காதை அடுப்பிலும் வைத்துக்கொண்டு பேசுகிறாய், குறை சொல்லவில்லை, உன் வயதில் நானும் அப்படித்தான். ஆனால் இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் என் குரல் உடையும், நீ பதறுவாய், பிறகு உன்னைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிவிடும், அதனால் எழுதுகிறேன், சாவகாசமாக உட்கார்ந்து படி.

அப்பா இருந்தவரை மொட்டைமாடித் தொட்டிகளில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை என்பது உனக்கே தெரியும். அது அவருடைய தனி ராஜ்யம், நான் துணி காயப்போடப் போனால்கூட காகிதப்பூச் செடிப் பக்கம் கொடி கட்டாதே என்று அதட்டுவார். அவர் போன பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது. வாயில்லா ஜீவன்கள், வாடவிடக் கூடாது என்று காலையில் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றினேன், ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று வைக்கக் கூடாதில்லையா. பெரணி இருட்டு மூலையில் கிடக்கிறதே என்று பாவம் பார்த்து வெயிலுக்கு இழுத்துவைத்தேன், அது ஓரமெல்லாம் சருகாகக் கருகிவிட்டது. குரோட்டன்ஸை வெயில் சுடுகிறதே என்று உள்ளே கொண்டுவந்தேன், அது தன் சிவப்பும் மஞ்சளும் போய் வெறும் பச்சையாக நின்றது. காகிதப்பூவோ தின்று கொழுத்தவன் மாதிரி இலை இலையாகத் தள்ளியது, பேருக்கு ஒரு பூ இல்லை. உரம் கொண்டுவந்த நர்சரிக்காரர் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு, “இதைக் கொஞ்சம் காயப் போடுங்கம்மா, தாகம் எடுத்தாத்தான் அது பூக்கும்” என்றார். உள்ளதைச் சொன்னால், செடிக்குத் தாகமா என்று நான் பார்க்கவே இல்லை, சாயங்காலம் ஆனதும் படியேறிப் போக எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கீழே இருந்தால் சுவர்க் கடிகாரம்தான் பேசுகிறது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் குண்டன். அந்த அடினியம்தான், அடிப்பாகம் பானை போல உருண்டிருக்குமே, நீ விமானம் ஏறிய வாரத்தில் அப்பா விதை போட்டு முளைக்கவைத்தது. வீடியோவில் உன்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் முதலில் அவனைத்தான் காட்டுவார், நீகூட யாருப்பா மூத்த பிள்ளை என்று கோபித்துக்கொள்வாய். அவனுக்கு இலையெல்லாம் கொட்டி அடிப்பாகம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நர்சரிக்காரர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அழுகிடுச்சும்மா, தூக்கிப் போட்டுடுங்க, இதைவிடப் பெருசா ஒண்ணு நானே கொண்டாந்து தர்றேன்” என்றார். போன மனிதருக்குப் பதிலாகவும் பெரிதாக ஒருவரைக் கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன், பாவம் அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் நீ போனில், வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடும்மா என்றாய். குண்டன் பிழைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஒரு செடிக்காகவாம்மா என்று கேட்டாய். செடிக்காக இல்லை கண்ணு. உன்னை விட்டால் விதையிலிருந்தே அவர் கைபட்டு வளர்ந்து இன்னும் மூச்சுவிடுவது அவன் ஒருவன்தான், அவனை என் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொன்றேன் என்று ஆகிவிட்டால் எந்த ஊரில் வந்து உட்கார்ந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

முன்பு ஒரு தடவை வேறொரு அடினியம் அழுகியபோது அப்பா என் காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும், நான் பின்னாலேயே நின்று கத்தியைக் கொடுங்கள் என்று கத்தியதும் ஞாபகம் வந்தது. நான் கத்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதெல்லாம் எப்படியோ என் காதிலும் விழுந்திருக்கிறது. வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டணும், ஒரு பொட்டு பழுப்பு இருந்தாலும் மறுபடி அழுகும், செடிப் பால் பட்ட கையோடு கண்ணைத் தொடாதே, காயம் ஆறும்வரை மண்ணும் காட்டாதே தண்ணியும் காட்டாதே. அதே கத்தியை எடுத்தேன். வெட்ட வெட்டப் பழுப்பாகவே வந்தது, பாதிக் குண்டன் போய்விட்டான். கடைசியில் வெள்ளை தெரிந்ததும் மஞ்சள்தூளை அப்பி, காற்றாட இருக்கட்டும் என்று அப்பாவின் பிரம்பு நாற்காலியில் பேப்பர் விரித்துப் படுக்கவைத்தேன். கேஸ்காரர் வந்தவர், என்ன கிழங்கும்மா இவ்ளோ பெருசா என்று கேட்டார், நோயாளி என்றேன், மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சிலிண்டரை வைத்த வேகத்தில் போய்விட்டார். நீ சிரிப்பாய், ஆனால் அந்த நாற்காலி காலியாக இல்லாத அந்த நாட்களில் ஹாலுக்குள் வர எனக்குப் பயமாக இல்லை. அவனிடம் பேசவும் செய்தேன், நீ போன் செய்த விவரம்கூடச் சொன்னேன்.

காயம் கட்டை போலக் காய்ந்த பிறகு பெருமணலும் செங்கல் பொடியும் கலந்து தொட்டியில் வைத்தேன், துளி தண்ணீர் ஊற்றவில்லை. அதுதான் பெரும்பாடு. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பது போல குவளையைப் பார்க்கும்போதெல்லாம் கை நமநமவென்றது, ஒரு கட்டத்தில் குவளையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டேன். இன்று காலை மேலே போனால், வெட்டுக்கு மேலே, நுனிக் கிளையில், எறும்புத் தலை அளவுக்குப் பச்சை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இலையேதான். உடனே மாடிப்படி வாசலில் நின்று கீழே பார்த்து, என்னங்க, சீக்கிரம் வாங்க, குண்டன் பொழச்சுட்டான் என்று கூப்பிட்டுவிட்டேன். இறங்கி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அவர் போனதற்குப் பிறகு அதில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

எனவே கண்ணு, எனக்கு டிக்கெட் போடு. ஒரேயடியாக இல்லை, குளிர் முடியும்வரைக்கும்தான், வீட்டை விற்கும் பேச்சை மாப்பிள்ளையும் நீயும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பெரணியும் குரோட்டன்ஸும் காகிதப்பூவும் அதுவரை நர்சரியில் இருக்கட்டும் என்று நர்சரிக்காரரிடம் பேசிவிட்டேன். குண்டனைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டு இலை நன்றாக விரிந்ததும் ஒரு தடவை நனைத்துவிட்டால் போதும், குளிர் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்குவான், அப்போது தண்ணீரே காட்டக் கூடாது என்பது அப்பா சொன்னது. அவன் தண்ணீர் இல்லாமல் இருந்துகொள்வான். எனக்குத்தான் முடியவில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் கூப்பிட்டால் ஒருவர் ஏன் என்று கேட்கும் வீடாக நிறைந்திருக்க வேண்டும். வாலுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். உன் ஜன்னலோரத் தொட்டிக்கு தினமும் ஊற்றாதே, விரலை மண்ணில் விட்டுப் பார், ஈரம் தட்டினால் பேசாமல் வந்துவிடு.

எப்போதும் உன் நினைவில்,
அம்மா