நாற்பத்தொன்றாவது போன்

சங்கரன்கோவில்,
ஜூலை 30, புதன்.

அன்புள்ள மச்சானுக்கு ஷிரின் பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் இங்கே நல்ல சுகம். நீங்கள் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் முறை. நானும் அதைத்தான் கேட்கப் போகிறேன், கொஞ்சம் விவரமாக.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது இது என்ன என்று நினைப்பீர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை மட்டும், உங்களோடு இருக்கும் அப்சலின் போனில் கூப்பிடுகிறீர்கள். உங்களைச் சுற்றி அறையில் ஆறு பேர், இங்கே என் பக்கத்தில் மாமி. கேட்க வேண்டியதைக் கேட்க முடியவில்லை. அப்சல் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர், சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார். இதை ஒட்டி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டது. தேரடிப் பக்கம் பஸ் விடுவதில்லை, நான் சுற்றித்தான் ஆபீஸ் போகிறேன். மாமிக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பின்பக்கச் சுவரில் விரிசல் பெரிதாகிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டேன், வந்து பார்த்தார், தபசு கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி ஆபீஸ் கதை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். வழக்கமாக நான் ஆபீஸ் கதை ஆரம்பித்தால் நீங்கள் ம், ம் என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பீர்கள். இந்தத் தடவை அப்படிச் செய்ய வேண்டாம்.

பெங்களூரு கம்பெனிக்காக நாங்கள் செய்யும் மாத்திரை ஆப் உங்களுக்குத் தெரியும். மாத்திரை நேரத்தில் மணியடிக்கும், போட்டுவிட்டு விரலால் தொட்டால் பச்சையாகும். அது இன்னும் ஆப் ஸ்டோர் என்ற கடைக்கு வரவில்லை, சோதனையில்தான் இருக்கிறது. கடைக்கு வராத ஆப்பை ஐபோனில் நினைத்தபடி ஏற்ற முடியாது. முதலில் எங்கள் கம்பெனியின் சான்றிதழ் வேண்டும், அது கையெழுத்து மாதிரி. அடுத்து, ஏற்றப் போகும் போனின் எண் எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். கூப்பிடும் எண் இல்லை, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண். சான்றிதழையும் பட்டியலையும் ஆப்பையும் சேர்த்துக் கட்டினால் ஒரு புரொஃபைல் கிடைக்கும். அது இருந்தால்தான் ஆப் திறக்கும், அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். உங்கள் ஊர் விசா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒன்று பொறுப்பேற்க வேண்டும், உங்கள் பாஸ்போர்ட் எண் அதில் இருக்க வேண்டும், தேதி முடிந்தால் உள்ளே இருக்க முடியாது. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பட்டியலில் நூறு ஐபோனுக்குத்தான் இடம். பாதியில் யாரையாவது நிறுத்தினாலும் அந்த இடம் காலியாகாது. வருஷம் புதுப்பிக்கும்போதுதான் பெயர்களை நீக்கி இடத்தை மீட்க முடியும். சங்கரன்கோவிலில் ஐபோன் வைத்திருப்பவர்கள் யார்? வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள்தான். அதனால் போன வருஷம் நான் கடையநல்லூருக்குப் போய், நம் சொந்தக்காரர் வீடுகளில் ஏறி இறங்கி, சோதனைக்குப் போன் கேட்டேன். தெரிந்த முகம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. இஞ்சி டீயும் கொடுத்தார்கள்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஆளின் பெயரை எழுதினேன். நம் வீடுகளில் போன் ஓர் ஆளோடு நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? மம்மது மாமா லீவில் வந்தார், தன் போனை மருமகனுக்குக் கொடுத்தார். மருமகன் தன்னுடையதைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி அவர் போனைக் கூடப்பிறந்த லாத்தாவுக்குக் கொடுத்தார். நான் மம்மது மாமாவின் போனில் பிழை என்று எழுதி அவருக்கு ஜித்தாவுக்குப் போன் போட்டால், அவர் எந்த ஆப் மா என்று கேட்கிறார். வேல்ராஜ் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி என்றாலும் அவர் என்னை அதிகம் திட்டுவதில்லை. அன்றைக்குத் திட்டினார். ஏம்மா, போன் லிஸ்ட்டுல ஆள் பேரையா எழுதி வைப்பாக, ஆள் மாறும், நம்பர் மாறுமா, போனுக்குல்லா பேர் வைக்கணும் என்றார். சரி அண்ணாச்சி என்றேன். மாற்ற நேரமில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் போனும் அந்தப் பட்டியலில் இருந்தது. போன ஆகஸ்டில் நீங்கள் லீவில் இருந்தபோது நானே கேபிள் போட்டு எண்ணை எடுத்தேன். நாற்பத்தொன்றாவது இடம். எதிரே மச்சான் என்று எழுதியிருந்தேன். கூட வேலை பார்க்கும் விஜிதா அதைப் பார்த்து ஒரு வாரம் என்னைக் கேலி செய்தாள். சோதனைக்கு உங்கள் போன் உண்மையில் தேவைப்படவில்லை. பிரஷர் மாத்திரையை நீங்கள் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் போட்டேன். இதை உங்களிடம் அப்போதே சொன்னேன், நீங்களும் சிரித்தீர்கள். அதனால் வேவு பார்த்ததாக இப்போது சொல்லக் கூடாது.

சார்ஜா நேரம் ஐந்தே காலுக்கு, எங்கள் சோதனைக் கணக்கில் உங்கள் பெயர் உள்ள வரி பச்சையாகும். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். நான் அடுப்பைப் பற்றவைக்கும் முன் போனில் அதைப் பார்த்துவிடுவேன். ஐந்து மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி பதினோரு மணிக்குப் பச்சையானது. அடுத்த நாள் பன்னிரண்டரை. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆப்பில் நேரக்கணக்குப் பிழை இருக்கிறது என்று எழுதினேன். வளைகுடா நேரத்தில் இருக்கும் போனில் தவறான மணி காட்டுகிறது என்று நானும் விஜிதாவும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு போனில் சார்ஜா நேரத்தை வைத்து, மணியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம். பிழை எதுவும் இல்லை. ஆப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் அந்த வெள்ளிக்கிழமை, டூட்டி மாறிப்போச்சு என்றீர்கள். நானும் பிழையை மூடிவிட்டேன்.

மார்ச் ஒன்பதுக்குப் பிறகு உங்கள் வரி நின்றுவிட்டது. சார்ஜ் ஏறும் இடம் பழுதாகிவிட்டது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றீர்கள். அப்புறம் உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்றீர்கள். அப்புறம் நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவது மட்டும் நிற்கவில்லை.

போன புதன்கிழமை விஜிதா புதுப் போனோடு வந்தாள். புதுசு என்றால் அவளுக்குப் புதுசு, கடையநல்லூரில் பழைய போன் விற்கும் கடையில் வாங்கியது. வீட்டில் ஆறு மாதம் கெஞ்சி வாங்கினாளாம். எல்லோருக்கும் அல்வா கொடுத்தாள். சோதனைக்கு அவள் போனையும் சேர்த்துவிடலாம் என்று கேபிளை மாட்டி எண்ணை எடுத்துப் பட்டியலில் போட்டேன். இந்த எண் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தது. தவறாக ஒட்டிவிட்டேன் என்று நினைத்துக் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினேன். மூன்று தடவை செய்தேன். நடுவில் உள்ள சிறு கோட்டோடு சேர்த்து இருபத்தைந்து இடம், ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டேன். நாற்பத்தொன்று. மச்சான்.

ஆப்பை ஏற்றிப் பார்த்தேன். எதுவும் கேட்காமல் ஏறிவிட்டது. அனுமதிதான் ஏற்கெனவே இருக்கிறதே.

வேல்ராஜ் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, ஒங்க வீட்டுக்காரரு விஜிதாவுக்கா வித்தாரு, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேன்லா என்று சிரித்தார். மம்மது மாமா கதை மாதிரி என்று நினைத்திருப்பார். நானும் சிரித்தேன். விஜிதா சிரிக்கவில்லை. ஜனவரியில் என்னோடு உட்கார்ந்து மணியைத் தள்ளிப் பார்த்தவள் அவள்தானே. அந்தக் கடைக்காரரிடம் போனில் கேட்டாள். சார்ஜாவிலிருந்து மொத்தமாக வந்த பழைய போன்களில் ஒன்று, ஏப்ரலில் வந்தது, திரை புதிதாக மாற்றியது, மற்றபடி எந்தப் பழுதும் இருந்ததில்லை என்று சொன்னாராம். சார்ஜ் ஏறும் இடமும் பழையதுதான், முதலில் இருந்ததுதான். சாயங்காலம் விஜிதா என் மேசைக்கு வந்து, யக்கா, இதை நீங்களே வச்சிக்கிடுங்க, நான் வேற பாத்துக்கிடுதேன் என்று போனை வைத்தாள். எடுத்து அவள் பையில் போட்டு அனுப்பினேன். ஆறு மாதம் கெஞ்சி வாங்கியது.

திங்கட்கிழமை புதுப்பிக்கும் நாள். பட்டியலைச் சுத்தம் செய்தேன். இந்தத் தடவை அண்ணாச்சி சொன்னபடி போனின் மாடலை எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் இப்போது வைத்திருப்பவரின் பெயரை எழுதினேன். நாற்பத்தொன்றுக்கு எதிரே விஜிதா என்று எழுதிவிட்டேன். அது அவள் போன். சான்றிதழைப் புதிதாக எடுத்து, புரொஃபைலைக் கட்டி, எல்லாப் போனுக்கும் அனுப்பினேன். ஒன்றும் தவறவில்லை. அண்ணாச்சி பாராட்டினார். அன்று வேலையில் கவனம் நன்றாக இருந்தது, எனக்கே ஆச்சரியம்.

அப்சல் நேற்று வீட்டுக்கு வந்தார். மச்சான் எப்படி இருக்காங்க என்று கேட்டேன். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, நல்லா இருக்காக மைனி, ஒரு கொறையும் இல்ல என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போறாங்களா என்று கேட்டேன். அதுக்கென்ன மைனி, எல்லாம் சரியாயிரும் என்றார். போகிறார் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அவரை நீங்கள் கோபிக்க வேண்டாம். நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கியிருப்பீர்கள், அதை அவர் காப்பாற்றித்தான் இருக்கிறார்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். போன லீவில் போர்மேன் ஆகிவிட்டேன் என்று கடையநல்லூர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள். மாமி இன்றும் வருகிற போகிறவர்களிடம் அதைச் சொல்கிறார்கள். ஐந்தே மாதத்தில் வேலை போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்திருப்பீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம் மச்சான். அது எனக்கும் பிடிக்காது. ஆனால் என்னையும் ஊரோடு சேர்த்துவிட்டீர்கள். அது சரியில்லை.

மாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடுகிறான் என்று கேட்கும்போதெல்லாம் டூட்டி அப்படி என்று சொல்கிறேன். நீங்கள் எனக்குச் சொன்ன பொய்யையே அவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கும் பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் சொல்வேன், ரொம்ப நாள் முடியாது.

வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். என் சம்பளத்தில் இருவரும் சாப்பிடுகிறோம். சுவர் இன்னும் ஆறு மாதம் நிற்கும் என்று கொத்தனாரே சொன்னார். இனி எதையும் விற்று எதையும் அனுப்ப வேண்டாம். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். அதில் எனக்கு நான்கு விஷயம் எழுதுங்கள். வேலை ஜனவரியில்தான் போனதா, அதற்கு முன்பேயா? இப்போது எங்கே தூங்குகிறீர்கள்? பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா, கம்பெனியில் இருக்கிறதா? மாத்திரை வாங்குகிறீர்களா, மார்ச்சோடு நிறுத்திவிட்டீர்களா? எழுதி, அப்சல் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். பேசினால் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். எழுத்தில் உங்களுக்குச் சமாளிக்க வராது.

பாஸ்போர்ட் கையில் இருந்தால் டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். கம்பெனி வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, அதை எங்கே வேண்டுமானாலும் செய்வேன்.

உங்கள் மேல் கோபமே இல்லை என்று எழுதி முடிக்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மாமிக்குக் கேட்கும் என்பதால் வீட்டில் காட்ட முடியவில்லை, ஆபீஸில் காட்டினால் காரணம் கேட்பார்கள். வல்ல அல்லாஹ் உங்களை நோய் நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் நான் ஒரு பாட்டம் சண்டை போட முடியும். வாருங்கள் மச்சான்.

இப்படிக்கு,
ஷிரின்