மூச்சு இருபது

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று போன நான்கு கடிதங்களிலும் எழுதினேன். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க முடியவில்லை.

இது மாதக் கடிதம் இல்லை. மாதக் கடிதத்தை டியூட்டர் மேடம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உங்களுக்கு அனுப்புவார். 'இம்மாதம் நான் கற்ற தலைமைப் பண்பு' என்று தலைப்புப் போட்டு அரைப்பக்கம் எழுத வேண்டும். இதை யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். விடுதியில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். துணி காயப்போடும் அறையில், நோயாளிகளின் கண்ணைப் பார்க்கக் கொடுத்த பேனா டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வார்டன் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அணைக்கிறேன். சில இடங்களில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்னைச் சரியாக நினைவிருக்காது. தலைமைப் பயிற்சி என்று இரண்டு நாள் வந்தீர்கள். ஒவ்வொரு குழுவின் லீடருக்கும் வெளியூர் நர்ஸ் ஒருவர் வழிகாட்டி என்று பட்டியல் வாசித்தார்கள். என் பெயருக்கு எதிரே உங்கள் பெயர். அன்று வார்டில் எங்கள் குழு எட்டுப் பேருக்கும் மூச்சு எண்ணக் காட்டிக்கொடுத்தீர்கள். "நாடி பாத்து முடிச்சதும் கைய எடுக்காதீங்க. நாடியையே பாக்கிற மாதிரி புடிச்சிக்கிட்டு நெஞ்சப் பாருங்க. எண்ணுறாங்கன்னு தெரிஞ்சாலே மூச்சு மாறிடும்" என்றீர்கள். பிறகு, எண்ணாமலே, சாதாரண அளவுதானே என்று இருபது எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம்.

எங்கள் நர்ஸிங் பள்ளியில் அதற்கு 'இருபது போடுவது' என்று பெயர். அறையைப் பெருக்காமலே பெருக்கினேன் என்பவளையும், குளிக்காமல் பவுடர் பூசி வருபவளையும்கூட 'இருபது போட்டுட்டா' என்போம். அந்த வார்த்தையை ஒரு வாரமாக யாரும் சொல்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பதினாலாம் படுக்கை வாயாடியின் பொறுப்பு. வாயாடி என்றால் என் பக்கத்துக் கட்டில்காரி. தூக்கத்தில்கூடப் பேசுவாள், அதனால் வந்த பெயர். அன்று காலை அவளுக்கு வயிற்று வலி தாங்கவில்லை. குளியலறைப் படியில் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, பதினாலை மட்டும் பார்த்துவிடு என்று கேட்டாள். சரி என்று சொல்லி அவளைப் படுக்க அனுப்பினேன்.

பதினாலில் இருந்தது தையல்கார அம்மா. பித்தப்பை அறுவை முடிந்து மூன்றாம் நாள். நான் போனபோது மணி எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு லீடர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருக்க வேண்டும், பார்வையாளர்கள் வருகிறார்கள், 'பொறுப்பு' பற்றி நான் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று ஆள்மேல் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். காய்ச்சலைப் பார்த்தேன். நாடியையும் ஒழுங்காக எண்ணினேன். கையை எடுக்கவில்லை, அதுவரைக்கும் நீங்கள் சொன்னபடிதான். அப்போது அந்த அம்மா என் வெள்ளைக் கோட்டின் மடிப்புப் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஊசி நூல் கொண்டுவந்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் மூச்சு வாங்க மூன்று இடத்தில் நின்றார். நின்றார் என்பது எனக்கு மத்தியானம்தான் உறைத்தது. நான் சிரித்துவிட்டு, சார்ட்டில் மூச்சு 20 என்று எழுதிவிட்டு ஓடினேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒருத்திக்காக இன்னொருத்தி பார்த்தாலும், பட்டியலில் யார் பெயரோ அவள் பெயரின் முதலெழுத்தைப் போடுவதுதான் எங்களுக்குள் பழக்கம். உதவி என்று நினைத்துத்தான் எல்லாரும் அப்படிச் செய்கிறோம். நானும் வாயாடியின் எழுத்தைப் போட்டேன்.

என் பேச்சுக்கு நன்றாகக் கை தட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வார்டு சிஸ்டர் எண்ணினபோது முப்பத்தாறு. உதடு நீலமாகிவிட்டதாம். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று ஆக்சிஜன் வைத்து மாடிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். காலையிலேயே சரியாக எண்ணியிருந்தால் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும் என்று சிஸ்டர் சொன்னார்.

டியூட்டர் மேடம் எங்கள் எட்டுப் பேரையும் நிற்க வைத்து வாயாடியைக் கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் அக்கா. ஒரு முழு நாடி எண்ணுகிற அளவுக்கு நேரம் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள், "எண்ண மறந்துட்டேன் மேடம்" என்றாள். அன்றைக்கே அவளை வார்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாளை ஒன்பது மணிக்கு அவள் அப்பா வருகிறார். பஸ் ஓட்டுகிறவர், ஒரு நாள் லீவு கேட்டு வருகிறார். பள்ளியிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டு அனுப்பப் போகிறார்கள்.

லீடர் என்பதால், நடந்ததை அறிக்கையாக எழுதி நாளைக் காலை எட்டரைக்குள் தரும்படி மேடம் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த வருடம் உங்கள் மருத்துவமனைக்கு அனுப்பும் இரண்டு பேரில் நானும் ஒருத்தி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் உண்மையில் அதுகூட இல்லை. பயம். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்று நினைக்கிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. சாப்பாட்டு அறையில் "லீடருக்கு வழி விடுங்கடி" என்று ஒதுங்குகிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. நேற்று வாயாடி துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் நிமிரவில்லை. "நீங்க போய்ப் படுங்க லீடர்" என்றாள். சேர்ந்த நாளிலிருந்து 'டி' போடாமல் என்னிடம் ஒரு வாக்கியம் பேசாதவள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். இதற்கு அழுகைகூட வரவில்லை.

இன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தையல்கார அம்மா தெரிந்தார். முகமூடியில் ஆவி படிவதும் கலைவதுமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டுதான். வெளியே பெஞ்சில் அவர் மகள் உட்கார்ந்திருந்தார். என் கோட்டைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குக் காலைல அம்மாவப் பாத்த பொண்ணு நீங்கதானா? மடிப்புப் பிரிஞ்ச கோட்டோட ஒரு பொண்ணு, நல்லா சிரிச்சுப் பேசுச்சுன்னு அம்மா சொன்னாங்க" என்றார்.

இல்லை, அது வேறு பெண் என்றேன்.

அதுவரை நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்றுதான் பொய் சொன்னேன்.

அறிக்கையை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் 'கவனக்குறைவு ஏற்பட்டது' என்று எழுதியிருந்தேன், யாருக்கு ஏற்பட்டது என்று எழுதவில்லை. நான்காவது இரண்டே வரி. பதினாலாம் படுக்கையின் மூச்சை எண்ணாமல் எழுதியது நான். சார்ட்டில் அவள் எழுத்தைப் போட்டதும் நான்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வர ஐந்து நாளாகும். அதனால் என்ன செய்யட்டும் என்று உங்களிடம் கேட்க வழியில்லை. ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அறிக்கையை மேடம் கையில் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். தைரியம் வராவிட்டால் கிழித்துவிடுவேன். ஆகவே இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் நான் சொல்லிவிட்டேன்.

எனக்காக யாரிடமும் பேச வேண்டாம் அக்கா. விடுதி முகவரிக்கு எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம், நான் அங்கே இருப்பேனா தெரியாது. ஆனால் வாயாடி இருப்பாள். அவளுக்கு எழுதுங்கள். அடுத்த லீடர் யார் என்று கேட்டால் அவள் பெயரைச் சொல்லுங்கள். அத்தனை பேச்சு பேசுகிறவள், என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்கார அம்மா எப்படி இருக்கிறார் என்றும் அவளிடமே கேளுங்கள், கேட்டால் போய்ப் பார்த்து எழுதுவாள்.

என்னைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவளாக ஏதாவது எழுதினால், நல்லதோ கெட்டதோ, அதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாயாடியின் முழுப் பெயரும் என் வீட்டு முகவரியும் பின்பக்கம் இருக்கின்றன.

உங்கள்,
முதலாண்டு மாணவி