பெயர் வைத்த செடிகள்

திருமுடிவாக்கம்
8.7.2025

ஸ்ரீவித்யா அக்கா!!!

லெட்டர் எழுதி எனக்குப் பழக்கமே இல்ல. கமெண்ட்தான் போடுவேன். உங்க மாடித்தோட்ட வீடியோ வந்தவுடனே முதல்ல ஹார்ட் விடுற ‘தக்காளி ஜெரூ’ நான்தான்! விதை வேணும்னா ஸ்டாம்பு ஒட்டின கவர் அனுப்பச் சொன்னீங்கல்ல, உள்ள வச்சிருக்கேன். குரோம்பேட்டை கிட்டதான். ஆனா நேர்ல பாத்தா அழுதுடுவேன், அதான் தபால்.

விதை எனக்கில்ல, எங்க ஊர் தொடக்கப் பள்ளிக்கு. அங்க நான் மூணாம் வகுப்புக்குத் தற்காலிக டீச்சர். எங்க பசங்களுக்கு வயிறு நிறையுது அக்கா, ரத்தம்தான் ஊறல. பிரசன்னான்னு ஒரு பையன், காலை பிரேயர்ல நின்னுட்டே மயங்கி விழறான். செக்கப்புக்கு வந்த டாக்டர் அவன் கண்ணைக் கீழ இழுத்துப் பாத்துட்டு, காய், கீரை குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். காய் விலை ஏறிடுச்சுன்னா எங்க சாம்பார்ல டார்ச் அடிச்சுதான் காய் தேடணும்.

எங்க ஹெச்.எம். லோகநாயகி மிஸ்கிட்ட கெஞ்சி, குழாயடி பக்கத்துல இடம் வாங்கிட்டேன். காலாண்டு லீவுக்குள்ள ஒரு காயாவது சத்துணவுல சேரணும், இல்லைன்னா அங்க டூவீலர் ஷெட்டாம்.

உங்க டயலாக்கை சுவத்துலயே எழுதிட்டேன்: “செடிக்குப் பேர் வைங்க, அது வீட்டு ஆளா ஆயிடும்!”

உங்க வெறித்தனமான ஃபேன்,
ஜெரூஷா

*

குரோம்பேட்டை
17.7.2025

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வெண்டை, தண்டுக்கீரை, கொத்தவரை விதைகள் வைத்திருக்கிறேன். வெண்டையை இரவு ஊறவைத்து ஊன்று. காய்த்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிட வேண்டும். விட்டால் முற்றிவிடும்.

என்னை அக்கா என்கிறாய். என் பையன் உன்னைவிடப் பெரியவன். இருக்கட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நீ பார்ப்பவை முன்பே எடுத்து வைத்த பழைய வீடியோக்கள்தான். லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் என் முட்டி ஒத்துழைப்பதில்லை. வாட்ச்மேன்தான் தண்ணீர் ஊற்றுகிறார். மாடி ஒழுகுகிறது, செப்டம்பருக்குள் தொட்டிகளைக் காலி செய்யுங்கள் என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். பதில் சொல்லாமல் இருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அந்தப் பெரிய டிரம்மில் நிற்கும் கறிவேப்பிலை இருக்கிறதே, வீடியோவில் ‘ஷ்யாம்’ என்று கூப்பிடுவேனே, அதை மட்டும் முடியவில்லை.

குழந்தைகளுக்கு என் அன்பு.

ஸ்ரீவித்யா

*

திருமுடிவாக்கம்
9.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அழுது முடிச்சிட்டுதான் எழுதுறேன்.

செடியெல்லாம் சூப்பரா வந்துச்சு. பசங்க ஆளுக்கொரு செடி எடுத்து, அவங்க பேரையே அட்டையில எழுதிக் கட்டினாங்க. தினமும் அதுகிட்ட பேசிட்டுதான் கிளாஸுக்கு வருவாங்க. வெண்டை காய்ச்சுது. போன வாரம் பறிக்கலாம்னு போனேன். பிரசன்னா அவன் செடியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான். “மிஸ், பிரசன்னாவ அறுக்காதீங்க மிஸ்!”

அவ்ளோதான், மொத்த கிளாஸும் ஆரம்பிச்சிடுச்சு. ஜெபின் கேக்குறான், “அப்போ நாளிக்கு எங்க விரலையும் பொரியல் பண்ணுவீங்களா மிஸ்?”

சத்துணவு சமைக்கிற பேபி அக்கா கத்தியோட வெளிய வந்தாங்க. “இன்னா டீச்சரு, காயி பறிக்கச் சொன்னா ஒப்பாரி வச்சிகினு கீதுங்க? நான் அடுப்ப பத்த வச்சிட்டு குந்திகினு கீறேன்!”

கீரையையும் தொட விடல. பெரிய காயெல்லாம் முத்தி விறகு மாதிரி ஆயிடுச்சு. லோகநாயகி மிஸ் திட்டக்கூட இல்ல. “லீவு வரப்போவுது, ஞாபகம் இருக்கட்டும்”னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவால்ல.

இன்னிக்கு பிரேயர்ல பிரசன்னா மறுபடி விழுந்துட்டான். அவன் பேர்ல ஒரு செடி தளதளன்னு நிக்குது அக்கா. அவன் நிக்க முடியாம விழறான்.

பேர் வைக்கச் சொன்னது நீங்க. இப்போ நான் என்ன பண்ண?

ஜெரூஷா

*

குரோம்பேட்டை
13.9.2025

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

எனக்குத் தெரியவில்லை அம்மா. பதில் தெரிந்த மாதிரி பேசுவது வீடியோவில் மட்டும்தான்.

சிரிக்காதே. அந்தக் கறிவேப்பிலையிலிருந்து நான் ஓர் இலைகூடப் பறித்ததில்லை. என் பையன் ஷ்யாம்சுந்தர் அமெரிக்காவில் டென்வருக்குக் கிளம்பும்போது கன்றாக வைத்துவிட்டுப் போனான். இப்போது என் உயரத்துக்கு மேல் நிற்கிறது. நான் தெருமுனைக் கடையில் கொசுறு கேட்டு வாங்கித்தான் ரசம் தாளிக்கிறேன். கடைக்காரர் லோகநாதன் கேட்கிறார், “இன்னா மேடம், யூடியூப்ல மரமே வளத்து வச்சிகினு, எங்கிட்ட வந்து ரெண்டு கொத்து கேக்குறீங்க?”

அவன் பொங்கலுக்குப் பேசினான். வேலை அதிகமாம்.

பெயர் அட்டைகளைக் கழற்றிவிட்டுப் பார். எனக்குத் தோன்றுவது அதுதான். என்னால் அதைச் செய்ய முடிந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவித்யா

*

திருமுடிவாக்கம்
20.9.2025

அக்கா!

அட்டையைக் கழட்டலாம்னுதான் போனேன். அன்னிக்குன்னு பாத்து எங்க வினிதாவுக்கு பர்த்டே. கலர் டிரெஸ் போட்டுக்கிட்டு, டப்பாவுல சாக்லேட் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தா. பிரசன்னா அதை வாங்கி ஜோபில வச்சிக்கிட்டே என்கிட்ட மெதுவா சொன்னான், “என் பர்த்டேக்கு நான் ஸ்கூலுக்கே வரல மிஸ். எங்கம்மாகிட்ட சாக்லேட்டுக்குக் காசில்ல.”

அவன் செடியையே பாத்துட்டிருந்தான். திடீர்னு, “மிஸ், இன்னிக்கு இதுக்கு பர்த்டேன்னு வச்சிக்கலாமா? அப்போ இது எல்லாருக்கும் குடுக்கும்ல?”

அவனே பறிச்சான் அக்கா. ஒவ்வொண்ணா, பிஞ்சா பாத்து. பாத்துட்டு இருந்த ஜெபினும் ஓடிப்போய், “என்னுதுக்கும் பர்த்டே!”ன்னு பறிக்க ஆரம்பிச்சிட்டான். பேபி அக்கா முந்தானையில வாங்கிக்கிட்டு, “இன்னாடா இது, வெண்டக்காய்க்குப் பொறந்த நாளா? கேக்கு எங்கடா நைனா?”ன்னு கேட்டுட்டே நறுக்கினாங்க. பொரியலை பிரசன்னாவே கரண்டியில எடுத்து ஒவ்வொரு தட்டா போட்டுக்கிட்டு வந்தான், சாக்லேட் குடுக்குற மாதிரியே. ஒருத்தனும் ஒதுக்கல. பர்த்டேக்குக் குடுக்கறதை வேணாம்னா எங்க கிளாஸ்ல டூ விட்டுடுவாங்க. கடைசியா ஹெச்.எம். மிஸ்ஸுக்கும் ரெண்டு கரண்டி, வினிதா அவங்களுக்கு ரெண்டு சாக்லேட் குடுத்த மாதிரியே.

இப்போ அடுத்த பர்த்டே எந்தச் செடிக்குன்னு சண்டை. தண்டுக்கீரைக்கும் பர்த்டே வந்துடுச்சு!

ஷெட்டை அரையாண்டு வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க. அவ்ளோதான். பிரசன்னா இன்னும் வெளுத்துப் போய்தான் இருக்கான். ஒரு கரண்டி பொரியல்ல என்ன ஏறிடும்? ரொம்ப டயர்டா இருக்கு அக்கா. ஆனா தூக்கம் நல்லா வருது.

மாசம் முடியப்போகுதே, உங்க மாடி என்னாச்சு? ஷ்யாம்?

உங்க
தக்காளி ஜெரூ

*

குரோம்பேட்டை
28.9.2025

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். திரும்பப் படித்தேன். அப்புறம் மாடி ஏறினேன், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்று ஒரு டாடா ஏஸ் வண்டி வரும். தொட்டிகள், மண், மண்வெட்டி எல்லாம் அதில் வரும். பெயர் அட்டைகளை நானே கழற்றிவிட்டேன். கறிவேப்பிலை டிரம்மும் வருகிறது, கனமானது, குழந்தைகளைத் தூக்க விடாதே. வெயில் நன்றாக விழும் இடத்தில் வை. அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் சொல்லாதே. அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சாம்பாருக்கு வேண்டும் என்றால் பேபி அக்கா யாரையும் கேட்க வேண்டாம்.

சானலை நிறுத்துகிறேன். நீ ஹார்ட் விட இனி இடமில்லை, கடிதம் போடு. நான் வருவேன் என்று எதிர்பார்க்காதே. இந்த முட்டி ஒரு காரணம். அந்த டிரம் வேறு இடத்தில் நிற்பதைப் பார்க்க இப்போதைக்குத் தெம்பில்லை, அது இன்னொன்று.

அவன் பிறந்தநாள் மார்ச்சில். இருந்தாலும் இன்று காலை அதன் பக்கத்தில் நின்று, “இன்னிக்கு உனக்கு பர்த்டேடா” என்றேன். இரண்டு கொத்து ஒடித்தேன். கையெல்லாம் வாசனை. ரசத்தில் போட்டேன்.

ஒடிக்க ஒடிக்கத்தான் கறிவேப்பிலை தழைக்கும். எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன்.

உன்
ஸ்ரீவித்யா அக்கா