செம்புத் தகட்டில் குங்குமம்

எம். புதுப்பட்டி
ஞாயிறு

அன்பு மகள் முத்துச்செல்விக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டாலும் எழுத்தில் பார்த்தால்தான் உன் அம்மாவுக்குத் திருப்தி. அவள் முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி பாண்டிச்செல்வத்துக்கு அச்சாபீசில் காலண்டர் ஆர்டர் இரண்டு மடங்கு, சாப்பிடக்கூட வருவதில்லை. இரண்டு நாளாக மழை, பட்டாசுக் கம்பெனியில் எதுவும் காயவில்லை.

நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களையும் படித்தேன், அஞ்சல் வழியில் தத்துவம் படித்தவனுக்கு எட்டிய அளவு. நீ ஆராயும் அந்தத் தத்துவ அறிஞர் தன் காலம் அழுகிவிட்டது என்று நம்பினார். இந்த ஜனங்களிடம் கடவுளைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சும் அழுகிவிடும் என்று நினைத்தார். அதனால் மொழியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, மதத்தைக் கோட்டுக்கு வெளியே வைத்தார். அங்கே பேச்சு கிடையாது, கும்பிடுவதும் வாழ்வதும் மட்டும். இவ்வளவும் புரிந்தது. அவர் நினைத்ததே சரி, சொல்லி யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை, கடைசி அத்தியாயத்தை எழுதாமல் ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்தது மட்டும் நான்கு நாளாக என்னோடு இருக்கிறது.

வெடிமருந்து கலக்கும் ரூம் வாசலில் உள்ள செம்புத் தகடு உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டால் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும். இருபது வருஷத்துக்கு முன் நான் போர்மேன் ஆனபோது பாதிப் பேர் தொட மறந்தார்கள். நான் விளக்கவில்லை. இவர்களுக்குச் சொன்னால் ஏறாது என்று முடிவு செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தகட்டில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். மறுநாளிலிருந்து ஒருவர் தவறாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன செவ்வாய் சோதனைக்கு வந்தவர், மற்றவர்களைப் போல் கீழே மண்ணுக்குள் இறங்கும் கம்பியில் வைக்காமல், தகட்டிலேயே மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. இருபது வருஷ மஞ்சளும் எண்ணெயும் பாறையாக ஏறிக் கிடந்தன. யார் விரலும் செம்பைத் தொடவில்லை, எத்தனை வருஷமாக என்று தெரியாது. ஒன்றும் நடக்காதது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்தேன். வேலைக்கு வந்தவர்கள் வெறும் செம்பைப் பார்த்து நின்றுவிட்டார்கள். நான் சேர்ந்த வருஷமே சேர்ந்த கருப்பம்மாள், சாமியச் சொரண்டிப்புட்டீகளே அண்ணாச்சி, உள்ள போனவுக திரும்பி வர வேணாமா என்றாள். பின்னால் நின்ற ரோஜா, அண்ணாச்சி சாமிக்கே மொட்டை போட்டுட்டாக என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் உள்ளே போகவில்லை. வேறு வழியில்லாமல் விளக்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கருப்பம்மாள் கேட்டு முடித்து, இம்புட்டுத்தானா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா எங்களுக்கு வெளங்காதா, காது இல்லாத ஆளுகன்னு நெனச்சீகளோ என்றாள். குங்குமத்த மேல செவுத்துல வைங்க, தகட்ட விட்டுருங்க என்று சொல்லிவிட்டு, முழு உள்ளங்கையையும் செம்பில் வைத்தாள். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள்.

அந்த மனிதர் தன் காலத்தைப் பற்றி நினைத்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அவர் யாரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடினார் என்று நான்கு அத்தியாயங்களிலும் தேடினேன். நீ எழுதவில்லை. அதைக் கடைசி அத்தியாயத்தில் எழுது. எழுதிய பிறகும் விடத் தோன்றினால் விடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பருப்புப் பொடி பார்சல் வந்ததா என்று அம்மாவுக்கு எழுது. நீ நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கும் எனக்கும் அவ்வளவுதான். அத்தியாயம் வந்தால் கருப்பம்மாளுக்குப் படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். எம்புட்டு நீளம் என்று கேட்டாள்.

உன் அப்பா,
கண்ணுச்சாமி