ஓரடிக்கு ஓர் அம்பு

பிப்ரவரி 3, சனி

இன்று மாலை நான்கு நாற்பதுக்கு, நான் வைத்தியச்சி ஆவதில்லை என்று முடிவெடுத்தேன். இடம்: அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. சாட்சிகள்: அக்கா, அத்தான், மருந்துக்கடைக்காரர். கையில் பாதி பிஸ்கட் இருந்தது.

ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் நாங்கள் நால்வரும் இருபது முகப் பகடை உருட்டி, இல்லாத ஒரு நாட்டில் அலைகிறோம். ஆட்டத்தை நடத்துவது அத்தான். அரக்கர்கள், மழை, விதி எல்லாம் அவர் பொறுப்பு. அக்கா வாள் வீராங்கனை. மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. நான் ஒற்றைக்கண்ணி என்ற வில்லாளி, ஆயுதம் குறுக்குவில். விதிப்படி ஒரு முறை அம்பு விட்டால், அடுத்த முறை முழுக்க நாணை இழுத்து மாட்டுவதிலேயே போய்விடும். அதனால் என் முறை வந்ததும் மருந்துக்கடைக்காரர் கைகழுவப் போகிறார்.

அக்கா சொன்னாள்: "பாதி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்க? அவளத் தூக்கிப் போட்டுட்டு ஒரு வைத்தியச்சியா வா. கட்டுப் போட எங்களுக்கும் ஒரு ஆள் வேணும்ல."

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போன் எனக்குத்தான் வரும். அம்மாவின் கடைசி ஏழு மாதம். போன வருடம் அக்காவின் முழங்கால். இப்போது காகிதத்திலுமா?

மாதக் கடைசிச் சனிக்கிழமை கோட்டை வாசல் சண்டை. அதற்குள், தானே நாணேற்றிக்கொள்ளும் வில்லைச் செய்யாவிட்டால் ஒற்றைக்கண்ணியின் பெயரும் பலமும் எழுதிய தாளை நானே கிழித்துப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

ஆடை ஆலையில் நூற்றுப்பத்து தையல் மெஷின்களுக்கு நான்தான் மெக்கானிக். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நாலாயிரம் முறை ஊசியை இறக்கி, துணியைத் தானே நகர்த்திக்கொள்கிறது. யாரும் அதை மந்திரம் என்பதில்லை. வில்லுக்கு மட்டும் என்ன கேடு?

பிப்ரவரி 7, புதன்

மூன்று படம் வரைந்தேன். மூன்றும் குப்பை.

பிப்ரவரி 10, சனி

அத்தானின் பிழைப்பு, காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்துகளை நம்பாமல் இருப்பது. என் நான்காவது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாண இழுக்கிற பலம் எங்கேருந்து வருது?"

"ஸ்பிரிங்லேருந்து."

"ஸ்பிரிங்க யாரு முறுக்குறா?"

அதைத்தான் நானும் ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, வைத்தியச்சிக்கு வெள்ளை அங்கி ஒன்று வரைந்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நான்கு பாக்கெட்டாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆலை வரவேற்பறையில் அழகுக்கு ஒரு பழைய மிதி மெஷின் நிற்கிறது. அதற்கு எண்ணெய் போடக் குனிந்தபோது — கால்!

ஒற்றைக்கண்ணிக்குக் கண்தான் ஒன்று. கால் இரண்டு இருக்கிறதே. தொடையில் பட்டி, அதிலிருந்து இடுப்பு வழியாக வில்லுக்கு ஒரு கயிறு. ஓரடி வைத்தால் கயிறு இழுபடும், ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் ராட்செட் சக்கரம் ஒரு பல் நகரும், நாண் பின்வாங்கி மாட்டிக்கொள்ளும். மேலே உள்ள பெட்டியிலிருந்து அம்பு தன் எடையிலேயே இறங்கும். மதிய உணவு இடைவேளைக்குள் படம் முடிந்தது. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

அட்டை, ரப்பர் பட்டை, அம்புக்குப் பதில் பென்சில். மூன்று பாய்கிறது, நாலாவது சிக்குகிறது. பதினோரு தடவை இதே கதை. நாலாவதை எடுத்து உருட்டிப் பார்த்தேன், உருளவில்லை. மற்றதெல்லாம் உருண்டைப் பென்சில், இது ஆறு பட்டை. ஒரே தடிமன் நூல் போடுங்கள் என்று ஆலையில் தினமும் எல்லோர் உயிரையும் வாங்குகிறவள் நான்.

பிப்ரவரி 17, சனி

அக்கா வீட்டு நடையில் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன். ஐந்து அடி, ஐந்து பென்சில். கடைசியது மருந்துக்கடைக்காரரின் டீயில் விழுந்தது. அவர் அதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்.

அத்தான் தீர்ப்பை எழுதிவிட்டு வாசித்தார்: "ஓரடிக்கு ஒரு அம்பு. ஒரு முறைக்கு மூணு அடிக்கு மேல கிடையாது. நின்னா வில்லும் நிக்கும். பின்னாடி நடந்தா ராட்செட் சுத்தாது, முன்னாடி மட்டும்தான். சம்மதமா?"

கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடமாகப் பாறை மறைவை விட்டு வெளியே வராதவள் ஒற்றைக்கண்ணி.

"நீயா முன்னாடி போகப்போற?" என்றாள் அக்கா. சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 24, சனி

கோட்டை வாசல். மந்திரவாதி உள்ளே நுழைந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான் காவல் அரக்கன். சாத்திவிட்டால் அவர் கதை முடிந்தது. அக்கா வாளோடு பாய்ந்தாள். பகடையில் ஒன்று விழுந்தது, அதற்குக் கீழே எண்ணே கிடையாது. அரக்கன் ஒரே அடியில் அவளைப் பின்னால் எறிந்து வீழ்த்தினான். அடுத்த முறைக்குள் யாராவது கட்டுப் போட்டால் பிழைப்பாள். அடுத்த முறை என்னுடையது. அவள் என் காலடியில் கிடந்தாள்.

"வந்து கட்டுப் போடு" என்றாள். வாள் வீராங்கனையின் குரல் இல்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுக்கையிலிருந்து தண்ணீர் கேட்ட குரல்.

அத்தான் என்னைப் பார்த்தார். "என்ன பண்ற?"

நின்றால் வில்லும் நிற்கும். கதவு மூடும். மந்திரவாதியைக் காப்பாற்றத்தான் என்று எழுதலாம். இது நாட்குறிப்பு, எழுத மாட்டேன்.

"நடக்கிறேன்" என்றேன்.

மூன்று அடி, மூன்று அம்பு. பகடையில் பதினான்கு. ஒன்பது. பத்தொன்பது. அரக்கன் விழுந்தான். கதவு திறந்தபடியே இருந்தது. அக்கா தன் வாள் வீராங்கனையின் தாளை இரண்டாக மடித்தாள்.

"கூப்பிட்டேனே. கேக்கலையா?"

"கேட்டுது."

அத்தான் டீ போடப் போனார். ஏற்கெனவே போட்ட டீ மேசையில் இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பண்ணினால் மன்னிப்புக் கேட்பேன். கேட்கக் கூடாது.

பிப்ரவரி 28, புதன்

அக்கா கூப்பிட்டாள். அத்தானுக்குக் காய்ச்சலாம். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு மாத்திரை கொடுத்துவிட்டாளாம். ராத்திரி முழித்திருந்து நெற்றியில் துணி போட்டாளாம். எனக்குத் தகவல் மட்டும்.

மார்ச் 2, சனி

அத்தானுக்குச் சரியாகிவிட்டது, ஆட்டம் உண்டு. பெட்டியில் மீதி ஆறு அம்பு. அக்கா தனக்கென்று புதுத் தாள் கொண்டுவந்தாள். வைத்தியச்சி, முதல் நிலை. வெள்ளை அங்கி, நான்கு பாக்கெட்.