புகையில்லாத மூலை

கனகா,

"கரிச்சட்டிப் புகை நின்னாத்தான் கொயந்தைய தூக்கினு வருவேன்"னு உங்கம்மா வூட்ல குந்திக்கினு சொன்ன இல்ல? நின்னுடுச்சி! இந்தச் சீட்ட கதவுல சொருவிட்டுப் போறேன்; எங்கம்மா வெளிய போயிருக்காங்க, சாவி எதிர்வூட்டு தாஜுன்னிசா அக்காகிட்ட கீது. அரையாண்டு பரீட்சை, ஸ்கூல் லேப்ல நான் இருந்தே ஆவணும். அஞ்சு மணிக்கு வந்துடுவேன்.

உள்ரூம் மூலையில நாலு செங்கல்லு, நடுவுல ஒரு டப்பா வெச்சிகீறேன். சுண்ணாம்பையும் வினிகரையும் ஸ்பிரிட்டுல கலந்து நானே கிண்டின கெட்டிக் கஞ்சி அது. பத்த வெச்சா இந்தக் குளிருக்குக் கரி வேணாம், புகைபோக்கி வேணாம், ரூமே கதகதன்னு ஆயிடும். ஜன்னல மட்டும் தொறந்து வெக்கணும்.

எங்கம்மாவ திட்டாத. பகல்ல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியல. அணைஞ்சிடுச்சின்னு நெனச்சி, நீ தச்சி வெச்சிட்டுப் போன கொயந்தை சட்டைய அது மேல காயப் போட்டுட்டாங்க. முதுகுல ஒரு ஓட்டை. "இன்னாடா இது, கண்ணுக்குத் தெரியாம கடிக்குது"ன்னு ஒரே பேஜார்.

அதனால கஞ்சியில உப்பு கலந்துட்டேன். இப்ப மஞ்சளா, பளிச்சுன்னு தெரியுது. உன் கோவமும் அப்படித்தான், கிட்ட வந்தாதான் சுடுறது தெரியும். உனக்கு எதைக் கலக்கறதுன்னுதான் தெரியல.

மறந்துட்டேன்: குண்டான்ல சோறு கீது. கத்திரிக்கா கொயம்பு நான் வெச்சது, சிரிக்காத.

இன்னொண்ணு: அம்மாவ பத்த வெக்க விடாத, நானே வந்து காட்டறேன். அதுவரைக்கும் பொட்டிய பிரிக்கலன்னாலும் பரவால்ல. கொயந்தை கண்ணுல தண்ணி வரலன்னா இங்கியே இருந்துடறியா? இன்னா சொல்ற?

சின்னராசு