தையல்கூடத்தின் மேல் ஒன்பது டன்

அன்புள்ள மகளுக்கு,

எங்கள் பன்னிரண்டு பேர் தலைக்கு மேல் ஒன்பது டன் பாரத்தை ஏற்றி வைத்தவள் நீதான். இன்றுவரை இங்கே எல்லோரும் நலம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கோம், பயப்படாத" என்று வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, உங்கள் ஆபீசிலும் காகிதத்துக்குத்தான் மரியாதை, அதனால் எழுதித் தம்பியிடம் கூரியருக்குக் கொடுக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு குணமாகவில்லை என்று டாக்டரைத் திட்டுகிறார். தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம், கால் வீங்குகிறது, நடக்கச் சொன்னால் முறைக்கிறாள். நான் இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பொண்ணு இப்பதான் காலூணி நிக்குறா, அவ வேலைக்கு வேட்டு வெச்சிராத" என்று காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, இந்தப் பக்கத்தையே நான்கு தடவை எழுந்துபோய் வந்து எழுதுகிறேன்.

எங்கள் தையல்கூடக் கட்டடத்து மாடியில் சோலார் பேனல் வைக்கும் கோப்பு, தளம் பாரம் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட உன் மேசைக்கு வந்திருக்கிறது என்று நீ சொன்ன அன்று கூடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தேன். நூறு வருடத்துக் கட்டடம், பாதுகாக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது, மாடியில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார்களாம். ஆணி அடிக்காவிட்டால் காற்றுக்குப் பறக்கும் என்று ஒவ்வொரு பேனலுக்கும் நான்கு கான்கிரீட் கல்லை வைத்து அழுத்தினார்கள். கல் ஒன்று முப்பது கிலோ, இருநூற்று நாற்பது கல் ஏறியது, எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் நானே எண்ணினேன், பேனலும் சட்டமும் சேர்த்தால் ஒன்பது டன். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று இன்னொரு விதியாம், அதனால் ஓரச்சுவர் பக்கம் வைக்காமல் மாடியின் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவுக்குக் கீழேதான் நாங்கள் துணி வெட்டும் மேசை. தெருவில் போகிறவன் கண்ணில் படக் கூடாது என்று விதி எழுதிய புண்ணியவானுக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிறவள் தலையில் விழக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை. வருகிற கரண்ட் அத்தனையும் கீழ்த்தளத்து ஷோரூம் ஏசிக்கு. பட்டன் துளை தைக்கும் காஜா அக்கா, "வெயிலைப் புடிச்சு கீழ அனுப்பிட்டாங்க, புழுக்கத்த மட்டும் நமக்கு விட்டுட்டாங்கடி" என்றாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கல் ஏறியபோது நாங்கள் தைத்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. மூன்று வாரம் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது முடிந்து கருநீலக் கால்சட்டைத் துணியை மேசையில் விரித்த அன்று, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் துணி நெடுக வெள்ளைப்பொடி, நேர்க்கோடாக, சாக்கட்டியால் யாரோ குறி போட்டதுபோல. தலையை நிமிர்த்தினால் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே உத்திரம். தட்டிவிட்டு வெட்டினோம், மறுநாளும் அதே கோடு. மேசையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு அதன் மேல் ஏறி, உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் பெரிய கத்தரிக்கோலை வைத்து அழுத்தினேன். பலமாகக்கூட இல்லை. பிடிவரை உள்ளே போய்விட்டது. கத்தரிக்கோலோடு ஈரத்தூள் வந்தது, மரம் வரவில்லை. கட்டடத்து மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினால், "உங்க பொண்ணே ஓகேன்னு கையெழுத்து போட்டாச்சு, அப்புறம் உங்களுக்கு என்னம்மா பயம்?" என்று நீ எழுதிய அறிக்கையை எனக்கே படித்துக் காட்டுகிறார். நன்றாகப் பராமரிக்கப்பட்ட தளம் என்று எழுதியிருக்கிறாய். போட்டோவில் மாடித்தரை ஓடு பளிச்சென்று இருந்திருக்கும். அந்த ஓட்டைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும், இவ்வளவு நேரம் இதற்குத்தான் எழுந்து எழுந்து போனேன்.

அது நாங்கள் பதித்த ஓடு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மழையில் ஒழுகியபோது மேனேஜர் வாளி வைக்கச் சொன்னார். நாங்களே ஒரு கொத்தனாரைப் பிடித்து, கட்டடம் பூட்டியிருந்த விடுமுறையில் பழைய தளத்தின் மேலேயே காரை போட்டு ஓடு பதித்தோம். ஐந்து வருடம் கழித்து மறுபடி ஒழுகியது, மறுபடி அதன் மேலேயே போட்டோம். பழையதைப் பெயர்க்கவில்லை, பெயர்த்தால் சத்தம் கேட்கும். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தில் கைவைத்தால் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. போன வாரம் அதே கொத்தனாரைக் கூட்டிவந்தேன். "அக்கா, அவங்க ஏத்துனது ஒன்பது டன்னுன்னா நாம ஏத்துனது முப்பதுக்குக் கொறையாது. ரெண்டையும் இந்த மரம் தாங்காது" என்றார்.

நீ கேட்டாய், அதை மறக்கவில்லை. "மேல எதுவும் புதுசா போட்டிருக்காங்களாம்மா?" என்று போனில் கேட்டாய். மேனேஜர் பக்கத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்தார், "இல்லடி, கட்டின நாள்ல இருந்து அப்படியேதான் இருக்கு" என்றேன். பன்னிரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பொய், உன்னிடமும் அதே வேகத்தில் வந்துவிட்டது. அது என் தப்பு. ஆனால் நீ எதற்கு அதை வாங்கிக்கொண்டாய்? வேறு ஊரில், வேறு கட்டடத்தில், ஒரு தையல்காரி சொன்னாள் என்று தளத்தை அளக்காமல் விடுவாயா? ஓரிடத்தில் துளைபோட்டுப் பார்த்திருந்தால் பழைய வரைபடத்தில் இல்லாத இரண்டு அடுக்கு தெரிந்திருக்கும். அம்மா சொன்னால் போதும் என்று விட்டுவிட்டாய். பெற்றவளை நம்பினாய் என்று எனக்குப் பெருமையாக இல்லை.

திங்கட்கிழமை இன்னும் நாற்பது பேனல் ஏறப்போகிறது, கல் வந்து வாசலில் இறங்கிவிட்டது. கூடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். பாதிப் பேர் மெஷினை மிதிக்கப் போய்விட்டார்கள். காஜா அக்கா, "உன் பொண்ணு வேலையும் போகும், எங்க எடமும் போகும், நல்ல குடும்பம்டி உங்களுது" என்றாள், அப்புறம் மெஷினை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டு, "எழுது, எங்க பேரையும் சேர்த்து எழுது" என்றாள். நாங்கள் என்று சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். நான் ஒருத்தி வேலைக்கு வராமல் இருந்தால் போதாது, மற்ற பதினோரு பேர் வருவார்கள், வராவிட்டால் அவர்கள் வீட்டில் உலை வைக்க முடியாது, அதனால் நானும் போகத்தான் போகிறேன்.

உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு, வேலை போனாலும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, தம்பி மனைவிக்கு ஒரு போன் போட்டு நடக்கச் சொல், நீ சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்கு வரும். இதை மறைக்காதே, அப்படியே உன் மேலதிகாரியிடம் காட்டு, ஓடு பதித்தது நாங்கள், பொய் சொன்னது நான் என்று காட்டு. இந்தத் தளத்துக்கு நீ போட்ட கையெழுத்து செல்லாது, ஏறிய கல் இறங்க வேண்டும் என்று உன் பெயரில், உன் கையால், திங்கட்கிழமைக்கு முன் எழுதிக் கொடு. கொடுப்பாயா, மாட்டாயா?

உன் அம்மா